எல்பின்ஸ்டன் ரோடு முதல் பிரபாதேவி வரை: பெயர் மாறிய மும்பை ரயில் நிலையத்தின் வரலாறு

மும்பை: மும்பை புறநகர் ரயில் போக்குவரத்தின் மேற்கு வழித்தடத்தில், லோயர் பரேலுக்கும் தாதருக்கும் இடையே அமைந்துள்ள பிரபாதேவி ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய சாலை மேம்பாலம், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்காக 2025 செப்டம்பர் 12ஆம் தேதி மூடப்பட்டது. நூறு ஆண்டுகளைக் கடந்த அந்தப் பாலத்தின் பெயர் எல்பின்ஸ்டன் பாலம். ரயில் நிலையத்தின் பெயரும் 2018ஆம் ஆண்டு வரை எல்பின்ஸ்டன் ரோடு என்றே இருந்தது.

2017இல் 23 உயிர்களைப் பறித்த கூட்ட நெரிசலால் இந்த நிலையத்தின் பெயர் நாடு முழுவதும் அறியப்பட்டது. ஆனால் அந்த விபத்தை ஒரு நாள் மழையோடும் ஒரு வதந்தியோடும் சுருக்கிவிட இயலாது. ஆலைத் தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்கு நடுவே எழுந்த ஒரு சிறிய நிலையம், அலுவலகக் கோபுரங்களின் நுழைவாயிலாக மாறியபோதும் அதன் பாலமும் படிக்கட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டதுதான் அதன் வரலாறு.

யார் இந்த எல்பின்ஸ்டன்?

மும்பையில் எல்பின்ஸ்டன் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர், 1819 முதல் 1827 வரை பம்பாய் மாகாண ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன். புகழ்பெற்ற எல்பின்ஸ்டன் கல்லூரி அவர் பெயரால் அமைந்தது. ரயில் நிலையத்தின் பெயருக்கு உரியவர் அவரல்லர். அவருடைய உறவுவழி மகனும், 1853 முதல் 1860 வரை அதே பதவியில் இருந்தவருமான ஜான் எல்பின்ஸ்டன் பிரபுவே அவர்.

இவருக்குத் தமிழகத்துடனும் தொடர்பு உண்டு. பம்பாய்க்கு வருவதற்கு முன்பு, 1837 முதல் 1842 வரை இவர் சென்னை மாகாணத்தின் ஆளுநராகப் பணியாற்றினார். சென்னையில் அடையாற்றின் குறுக்கே இவர் காலத்தில் கட்டப்பட்ட பாலம் எல்பின்ஸ்டன் பாலம் என்றே அழைக்கப்பட்டது. பின்னாளில் அதன் அருகே திரு.வி.க. பாலம் எழுந்த பிறகு பழைய பெயர் மெல்ல வழக்கொழிந்தது. நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கிலும் இவருக்கு மாளிகை இருந்தது.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16ஆம் தேதி பம்பாய் போரிபந்தரிலிருந்து தானே வரை, சுமார் 34 கிலோமீட்டர் தொலைவு ஓடியது. எல்பின்ஸ்டன் பிரபு பம்பாய் ஆளுநராகப் பொறுப்பேற்றது அதே ஆண்டின் டிசம்பர் மாதத்தில்தான். முதல் ரயிலை அவர் தவறவிட்டாலும், அதன் பின் ரயில் பாதைகள் விரிவடைந்த ஆண்டுகள் அவருடைய பதவிக் காலத்திலேயே அமைந்தன. ஆளுநர் மாளிகையும் அப்போது பரேலில்தான் இருந்தது. 1899ஆம் ஆண்டு முதல் அந்த மாளிகையில் பிளேக் நோய் ஆய்வுக்கூடம் செயல்படத் தொடங்கியது. இன்றைய ஹாஃப்கின் நிறுவனம் அதுவே.

இரண்டு ரயில்வேக்கள், அருகருகே இரண்டு நிலையங்கள்

பிரபாதேவி நிலையத்தைப் புரிந்துகொள்ள, மும்பையின் நில அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் இந்த நகரில் இரண்டு தனியார் நிறுவனங்கள் தனித்தனியே இருப்புப்பாதை அமைத்தன. கிழக்குப் பக்கம் தானே நோக்கிச் சென்றது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே. மேற்குப் பக்கம் குஜராத்திலிருந்து இறங்கி வந்தது பம்பாய், பரோடா அண்டு சென்ட்ரல் இந்தியா ரயில்வே. பிந்தைய நிறுவனத்தின் பாதை 1864இல் பம்பாயின் கிராண்ட் ரோடு வரை எட்டியது. 1867 ஏப்ரலில் விராரிலிருந்து பம்பாய் பேக்பே வரை நாளொன்றுக்கு ஒரு ரயில் வீதம் உள்ளூர் சேவை தொடங்கியது. இன்று நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான சேவைகளை இயக்கும் மேற்குப் புறநகர் வழித்தடத்தின் தொடக்கம் அதுதான்.

இரு நிறுவனங்களின் பாதைகளும் நகரின் நடுப்பகுதியில், தாதரை ஒட்டி, ஒன்றையொன்று நெருங்கி இணையாக ஓடுகின்றன. அதன் விளைவாக மேற்குப் பாதையில் எல்பின்ஸ்டன் ரோடும், கிழக்குப் பாதையில் பரேலும் ஏறத்தாழ ஒட்டினாற்போல் அமைந்தன. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி நடைமேடைகள், தனித்தனி நிர்வாகம். 1951 நவம்பரில் ரயில்வேக்கள் மறுசீரமைக்கப்பட்டபோது ஒன்று மேற்கு ரயில்வேயிலும் மற்றொன்று மத்திய ரயில்வேயிலும் சேர்ந்தது. பயணியைப் பொறுத்தவரை அவை ஒரே இடம். நிர்வாகத்தைப் பொறுத்தவரை இரண்டு மண்டலங்கள். அவற்றை இணைத்தது ஒரு நடைமேம்பாலம்.

ஆலைச் சங்கின் காலம்

1850களில் பம்பாயில் முதல் பஞ்சாலை தொடங்கப்பட்ட பின், பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா பகுதிகளில் புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன. மராத்தியில் இப்பகுதிக்கு 'கிரண்காவ்' என்று பெயர். ஆலைகளின் ஊர் என்பது பொருள். கொங்கணக் கடற்கரையிலிருந்தும் தக்காணத்து மாவட்டங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள், 'சால்' எனப்படும் ஓரறைக் குடியிருப்புகளில் நெருக்கமாக வாழ்ந்தனர். ஒரே அறையில் ஷிப்ட் முறையில் உறங்கியவர்களும் உண்டு. ரயில்வேக்களும் தங்கள் பணிமனைகளை இதே பகுதியில் அமைத்தன. லோயர் பரேலில் மேற்கு ரயில்வே பணிமனையும் பரேலில் மத்திய ரயில்வே பணிமனையும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆலைக்கு நடந்தே சென்றவர்கள். சங்கு ஊதினால் கேட்கும் தொலைவில்தான் அவர்களது குடியிருப்பு இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த ஒரு வட்டாரத்தின் ரயில் நிலையம் சிறியதாகவே நீடிக்க முடிந்ததற்கு அதுவே காரணம். 1928 ஜனவரியில் கொலாபா முதல் போரிவலி வரையிலான பாதை மின்மயமானது. ரயில்கள் வேகமெடுத்தன, எண்ணிக்கையும் கூடியது. எல்பின்ஸ்டன் ரோட்டில் இறங்குவோர் கூட்டம் மட்டும் தாதரோடு ஒப்பிடும் அளவுக்கு எப்போதும் இருந்ததில்லை.

மருத்துவமனைகளைத் தேடி வந்தவர்கள் இதில் விதிவிலக்கு. 1926இல் தொடங்கப்பட்ட கே.இ.எம். மருத்துவமனையும், 1941இல் தொடங்கப்பட்ட டாடா நினைவு புற்றுநோய் மருத்துவமனையும் பரேல் பக்கம் உள்ளன. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் இந்தப் பகுதிக்கு வந்துகொண்டே இருக்கின்றனர்.

ஆலைகள் போயின, அலுவலகங்கள் வந்தன

1982 ஜனவரி 18ஆம் தேதி, தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சுமார் இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற அந்தப் போராட்டம் ஓராண்டுக்கும் மேல் நீடித்து, தீர்வு எதுவும் எட்டப்படாமலேயே கரைந்துபோனது. பல ஆலைகள் மீண்டும் திறக்கப்படவில்லை. திறந்தவையும் நலிந்தன.

ஆலைகள் நின்றிருந்த நிலத்தின் மதிப்போ ஏறிக்கொண்டே போனது. அந்த நிலங்களை என்ன செய்வது என்பதற்கு 1991இல் விதி வகுக்கப்பட்டது. வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின் 58ஆவது பிரிவின்படி, மறுமேம்பாட்டுக்கு வரும் ஆலை நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுத் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்பது ஏற்பாடு. 2001இல் செய்யப்பட்ட திருத்தம் இதன் உள்ளீட்டை மாற்றியது. கட்டடங்கள் இல்லாத காலி இடத்துக்கு மட்டுமே இந்தப் பங்கீடு பொருந்தும் என்றானது. ஆலை வளாகங்களில் பெரும்பகுதி கட்டடங்களே என்பதால், நகருக்குக் கிடைக்கவேண்டிய நிலம் மிகவும் சுருங்கியது. இதை எதிர்த்த வழக்கில் 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மனுதாரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றித் திருத்தத்தை உறுதிசெய்தது.

இதற்கிடையே, தேசிய ஜவுளிக் கழகம் தன் வசமிருந்த ஆலைகளில் சிலவற்றை 2005இல் ஏலத்தில் விற்றது. எல்பின்ஸ்டன் ஆலையும் ஜூபிடர் ஆலையும் அவற்றில் அடங்கும். நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் இருந்த அந்த வளாகங்களில் கண்ணாடி முகப்புகளுடன் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. அடுத்த நிலையமான லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் ஆலை வணிக வளாகமானது. கமலா ஆலை வளாகம் அலுவலகங்களாலும் உணவகங்களாலும் நிரம்பியது. வங்கிகள், ஊடக நிறுவனங்கள், நிதி நிறுவனங்கள் எனத் தெற்கு மும்பையிலிருந்து பலவும் இங்கே இடம்பெயர்ந்தன.

புதிய ஊழியர்கள் இங்கு வசிப்பவர்கள் அல்லர். விரார், போரிவலி, தானே, டோம்பிவிலி, கல்யாண் எனப் புறநகரின் விளிம்புகளிலிருந்து ரயிலில் வருபவர்கள். இவர்களில் மத்திய ரயில்வே வழித்தடத்தில் வருவோர் பரேலில் இறங்கி, மேற்குப் பக்கமுள்ள அலுவலகங்களை அடைவதற்கு இரண்டு ரயில்வேக்களின் தண்டவாளங்களையும் கடந்தாக வேண்டும். அதற்கு அவர்கள் நம்பியிருந்தது, ஆலைக் காலத்துக் கூட்டத்துக்குப் போதுமானதாக இருந்த அதே நடைமேம்பாலத்தை.

நிலம் கைமாறுவதற்கும் கோபுரம் உயர்வதற்கும் அனுமதி வழங்கியவை மாநில அரசும் மாநகராட்சியும். பாலம் அகலமாவதற்கு நிதி ஒதுக்க வேண்டியது ரயில்வே. ஒரு வட்டாரத்தின் வேலைவாய்ப்பு பெருகும்போது அதன் ரயில் நிலையமும் பெருகியாக வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கும் ஏற்பாடு இந்த இரு தரப்புக்கும் இடையே இருக்கவில்லை.

2017 செப்டம்பர் 29

தசராவுக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணியளவில் திடீரென மழை கொட்டியது. குடையில்லாதவர்கள் பாலத்தின் கூரைக்கு அடியிலேயே நின்றுவிட்டனர். கீழே இறங்கும் படிக்கட்டின் தலைப்பகுதி அடைபட்டது. ஆனால் ரயில்கள் நிற்கவில்லை. இரு வழித்தடங்களிலும் சில நிமிடங்களுக்கு ஒன்று வீதம் வந்துகொண்டே இருந்தன. நெரிசல் நேரத்தில் 12 பெட்டிகள் கொண்ட ஒரு புறநகர் ரயிலில் ஐயாயிரம் பேர் வரை பயணிப்பார்கள். அவர்களில் சிறு பகுதியினர் இறங்கினாலும், அடுத்த ரயில் வருவதற்குள் பாலம் காலியாக வேண்டும். அன்று அது நடக்கவில்லை.

அந்த வேளையில் பாலம் இடிந்து விழுந்துவிட்டதாக ஒரு குரல் எழுந்தது என்றும், அதனால் ஏற்பட்ட பீதியே மரணங்களுக்கு வழிவகுத்தது என்றும் செய்திகள் வெளியாயின. பண்டிகைக்காகப் பூ மூட்டை சுமந்து வந்த ஒருவரின் பூக்கள் விழுந்தன, 'பூ விழுந்துவிட்டது' என்ற கூச்சல் 'பாலம் விழுந்துவிட்டது' எனத் தவறாகக் கேட்கப்பட்டது என்று உயிர் தப்பியவர்கள் சிலர் கூறியதாகவும் தகவல் வெளியானது. இந்தியில் பூவையும் பாலத்தையும் குறிக்கும் சொற்கள் ஒலியில் மிக நெருக்கமானவை. தமிழில் படிக்கும்போது இந்த நெருக்கம் புலப்படாது. எனினும், மேற்கு ரயில்வே நடத்திய விசாரணை, திடீர் மழையால் படிக்கட்டில் கூட்டம் தேங்கியதையே முக்கியக் காரணமாகச் சுட்டியது.

இத்தகைய விபத்துகளில் மக்கள் மிதிபட்டு இறப்பதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் மூச்சுத்திணறல். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேருக்கு மேல் நெருங்கும்போது தனிமனிதர் தன் அசைவின் மீதான கட்டுப்பாட்டை இழக்கிறார். பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருப்பார். படிக்கட்டில் ஒருவர் சறுக்கினால் அவர்மீது அடுத்தவர், அவர்மீது மற்றொருவர் எனச் சரிவு ஏற்பட்டு, நெஞ்சு விரிந்து சுருங்க இடமின்றிப் போகிறது. அந்த நிலையில் வதந்தி தேவையே இல்லை. ஒரு கால் வழுக்கினால் போதும்.

விபத்தில் 23 பேர் உயிரிழந்தனர். 30க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். காயமடைந்தவர்கள் அருகிலேயே உள்ள கே.இ.எம். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

புறநகர் வழித்தடங்களில் 100 கூடுதல் ரயில் சேவைகளைத் தொடங்கி வைப்பதற்காக அன்றைய தினமே ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் மும்பை வந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்டும் திட்டங்கள் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தன. இறங்குவோர் வெளியேறும் வழியை அகலப்படுத்தும் திட்டம் கோப்பில் இருந்தது. அகலமான புதிய நடைமேம்பாலம் வேண்டும் என மும்பை நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஏற்கெனவே ரயில்வே அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தனர். நிதிப் பற்றாக்குறையைக் குறிப்பிட்டு 2016 பிப்ரவரியில் அப்போதைய அமைச்சர் சுரேஷ் பிரபு அனுப்பிய பதிலை, விபத்துக்குப் பின் சிவசேனா எம்.பி. அரவிந்த் சாவந்த் வெளியிட்டார். புதிய பாலத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்திருந்தபோதிலும், விபத்து நடந்த நாள்வரை கட்டுமானம் தொடங்கப்படவில்லை.

வசதியா, பாதுகாப்பா?

விபத்துக்கு மறுநாள் ரயில்வே அறிவித்த முடிவுகளில் ஒன்று பெரிதாகப் பேசப்படவில்லை. அதுவரை ரயில்வே கணக்கில் நடைமேம்பாலம் என்பது 'பயணிகள் வசதி' என்ற தலைப்பின்கீழ் வந்தது. ஒரு நிலையத்தின் முதல் பாலம் மட்டுமே இன்றியமையாதது; அடுத்தடுத்த பாலங்கள் எல்லாம் இருக்கைகள், குடிநீர்க் குழாய்கள் போன்ற வசதிகளோடு நிதிக்குப் போட்டியிட வேண்டும். இனி நடைமேம்பாலங்கள் பாதுகாப்புக்குக் கட்டாயமானவையாகக் கருதப்படும் என அமைச்சகம் அறிவித்தது. எல்பின்ஸ்டன் ரோடு பாலம் ஏன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது என்பதை இந்த ஒரு வகைப்பாடு ஓரளவு விளக்குகிறது.

2017 அக்டோபர் 31ஆம் தேதி, இந்த நிலையம் உட்பட மும்பை புறநகர்ப் பகுதியின் மூன்று நிலையங்களில் ராணுவம் நடைமேம்பாலம் கட்டும் என மகாராஷ்டிர முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னவிஸ் அறிவித்தார். கரி ரோடு, அம்பிவலி ஆகியவை மற்ற இரண்டு. போர்க்களத்திலும் பேரிடரிலும் பாலம் அமைக்கும் ராணுவப் பொறியாளர்களை நகர நடைபாதைக்குப் பயன்படுத்துவது முறையா என எதிர்க்கட்சிகளும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலரும் கேள்வி எழுப்பினர். சுமார் 73 மீட்டர் நீளமுள்ள அந்த எஃகுப் பாலம், 2018 பிப்ரவரி 27ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நகராத பணி, அறிவிப்பு வந்து நான்கே மாதங்களில் முடிந்தது.

பெயர் மாற்றம்

நிலையத்தின் பெயரை மாற்றும் தீர்மானத்தை மகாராஷ்டிர சட்டப்பேரவை விபத்துக்கு முன்பே, 2016 டிசம்பரில், நிறைவேற்றியிருந்தது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் கிடைத்து, 2018 ஜூலை 19 முதல் எல்பின்ஸ்டன் ரோடு, பிரபாதேவி ஆனது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததாகக் கூறப்படும் பிரபாவதி தேவி கோயிலால் அந்த வட்டாரத்துக்கு ஏற்பட்ட பெயர் அது. புகழ்பெற்ற சித்திவிநாயகர் கோயிலும் அங்குதான் உள்ளது.

பெயர்ப்பலகைகள், பயணச்சீட்டுகள், ரயிலுக்குள் ஒலிக்கும் அறிவிப்புகள் ஆகியவற்றோடு நிலையத்தின் குறியீட்டு எழுத்துகளும் மாற்றப்பட்டன. ஆங்கிலேயர் காலப் பெயர்களைக் களைவது மும்பையில் புதிதல்ல. விக்டோரியா டெர்மினஸ் 1996இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது. கரி ரோட்டை லால்பாக் என்றும், சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டை டோங்ரி என்றும், மேலும் சில புறநகர் நிலையங்களை உள்ளூர்ப் பெயர்களாலும் அழைப்பதற்கு 2024 மார்ச்சில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எல்பின்ஸ்டன் பிரபுவுக்கும் இந்த வட்டார மக்களுக்கும் இன்று எந்த உறவும் இல்லை. கோயிலின் பெயர் அவர்களுக்கு நெருக்கமானது. அந்த வகையில் மாற்றம் இயல்பானதே. ஆயினும், நாளேடுகளில் அந்த விபத்து இன்றும் 'எல்பின்ஸ்டன் விபத்து' என்றே குறிப்பிடப்படுகிறது.

மத்திய ரயில்வே பக்கம், பரேல் நிலையம் 2019 மார்ச்சில் முனையமாகத் தரம் உயர்த்தப்பட்டது. கல்யாண் திசைக்குச் செல்லும் சில ரயில்கள் இங்கிருந்தே புறப்படத் தொடங்கின. தாதரில் சேரும் கூட்டத்தைக் குறைப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. அதே மாதம் 14ஆம் தேதி, சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் அருகே ஒரு நடைபாலம் இடிந்து உயிரிழப்பு ஏற்பட்டபோது, நகரின் பாலங்கள் பற்றிய கேள்வி மீண்டும் எழுந்தது.

மூடப்பட்ட சாலைப் பாலம்

2024 ஜனவரியில் திறக்கப்பட்ட, சுமார் 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது கடல் பாலம், மும்பையின் கிழக்குக் கரையில் சிவ்ரியில் தொடங்குகிறது. அங்கிருந்து மேற்குக் கரையில் உள்ள வொர்லிக்கு வாகனங்களைக் கொண்டு செல்ல சுமார் 4.5 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை கட்டப்படுகிறது. இரண்டு ரயில்வேக்களின் தண்டவாளங்களையும் அந்தச் சாலை பிரபாதேவியில் கடக்க வேண்டும். பழைய எல்பின்ஸ்டன் பாலத்தின் இடத்தில் இரண்டு அடுக்குப் பாலம் திட்டமிடப்பட்டுள்ளது. கீழ் அடுக்கு உள்ளூர்ப் போக்குவரத்துக்கும், மேல் அடுக்கு சிவ்ரி–வொர்லி சாலைக்கும் உரியவை.

பாலத்தை 2025 ஏப்ரலிலேயே மூடுவதாக இருந்தது. வீடுகளை இழக்க நேரிடும் என அஞ்சிய பகுதிவாசிகள், மறுகுடியமர்வு குறித்த உறுதி கோரிப் போராடியதால் அது தள்ளிப்போனது. செப்டம்பரில் மூடப்பட்ட பின், பரேலுக்கும் பிரபாதேவிக்கும் இடையே செல்லும் வாகனங்கள் தாதர் திலக் பாலம், கரி ரோடு பாலம் போன்ற மாற்று வழிகளில் திருப்பிவிடப்பட்டன. கிழக்கே மருத்துவமனைகளுக்கும் மேற்கே அலுவலகங்களுக்கும் நடந்து செல்பவர்களுக்கு, புதிய பாலம் திறக்கப்படும் வரை, ரயில் நிலையத்தின் நடைமேம்பாலங்களே மிக அருகிலுள்ள வழி.